பவ்ஸானின் பிழை

இப்போதைய சனத்துக்குச் செத்த வீட்டில் எப்படி இருப்பதென்று தெரியாது. பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு கிறகரி அதைத்தான் நினைத்தார். வருகிறார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் மாதிரிப் பிளாஸ்ரிக் கதிரையில் வரிசையாக இருக்கிறார்கள். போனைத் தடவுகிறார்கள். சோடா வந்தால் குடிக்கிறார்கள். "எத்தினை மணிக்கு எடுக்கினம்?" என்று கேட்கிறார்கள். அழுகிறவள்கூடக் கமரா எந்தப் பக்கம் நிற்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் அழுகிறாள்.

"ஐயா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ. அம்மாட முகம் மறைக்குது," என்றான் கமராக்காரன்.

"ஆருக்கு மறைக்குது?"

"கனடாவில பாக்கினம் ஐயா. லைவ் போகுது."

"கனடாவில இருந்து பாத்தா அவள் எழும்பி வரப்போறாளோ?"

சிரிப்பதா விடுவதா என்று தெரியாமல் கமராக்காரன் நின்றான். கிறகரி அரை அடி மட்டும் தள்ளி நின்றார்.

பெட்டிக்குள் பிரான்சிஸ்கா வெள்ளைச் சேலையில் கிடந்தாள். விரல்களில் செபமாலை சுற்றியிருந்தது. சலரோகம் அவளுடைய சிறுநீரகத்தைத் தின்று, காலை வீங்கவைத்து, செவ்வாய்க்கிழமை விடியப்புறம் ஆளையே கொண்டுபோய்விட்டது. இன்று வியாழன். பின்னேரம் நாலு மணிக்குக் கோவிலுக்கு எடுப்பதென்று பேச்சு. புதன்கிழமையே அடக்கம் செய்திருக்கலாம். கிறகரி அப்படித்தான் சொன்னார். மகள் ஜெயனி விடவில்லை.

"அண்ணாவுக்குக் காட்டாமல் அம்மாவை மூட விடமாட்டன்," என்றாள்.

"அவங்கள் அவனை விடமாட்டாங்கள்."

"கேட்டுப் பாக்கிறதில என்ன?"

"கேட்டுக் கேட்டுத்தானே கொம்மா செத்தவள்."

றொகான் மூத்தவன். பதினேழு வருடமாகச் சிறையில் இருக்கிறான். யாரோ ஒருவனைத் தன் வள்ளத்தில் ஏற்றி அக்கரையில், இந்தியாவில் விட்டான் என்று இருபத்துநாலு வயதில் பிடித்தார்கள். ஒரு வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. இன்னொன்று இன்னும் இழுபடுகிறது. ஜெயனியின் கலியாணத்துக்கு ஒரு நாள் விடச் சொல்லிக் கேட்டார்கள். பொலிஸ் எதிர்த்தது, இல்லையென்றாகிவிட்டது. பிரான்சிஸ்காவின் தாய் செத்தபோதும் கேட்டார்கள். அப்போதும் பொலிஸ் எதிர்த்தது. கடதாசியில் எழுதிக் கேட்டால் கடதாசியில்தான் பதில் வரும், ஆள் வராது என்பது கிறகரியின் கணக்கு.

பத்தரை மணிபோல ஜெயனியின் போன் அடித்தது. சட்டத்தரணி கிருஷிகா. முற்றத்துச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையென்று ஜெயனி போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜெயனி, கிடைச்சிட்டுது."

ஜெயனி வாயைப் பொத்திக்கொண்டாள். முற்றத்தில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள்.

"மூண்டு மணித்தியாலம் குடுத்திருக்கினம். கோட்டில இருந்து நேர உங்கதான் வருகினம். மூண்டு மணிக்கு வந்து சேருவினம். ஆறு மணிக்குத் திரும்ப ஏத்திப் போடவேணும். பொலிஸ் கடுமையா எதிர்த்தது. ரெண்டு காரணம் சொன்னவை. ஒண்டு, வீடு கடற்கரையில, ஊரெல்லாம் வள்ளம், இந்தியா பக்கத்தில, ஆள் தப்பிடுவார் எண்டு. அது அவை எப்பவும் சொல்லுறதுதான். மற்றது…" போனுக்குள் கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. "நீங்க அனுப்பின மரண அறிவித்தலை நான் வாசிச்சுப் பாக்காமல் குடுத்திட்டன். அது என்ர பிழை. அதில அவற்ற பேர் இல்லை ஜெயனி."

"என்ன மிஸ்?"

"இறந்தவவுக்கு ஒரே ஒரு மகள் எண்டுதான் அதில கிடக்கு. அப்ப இவர் மகன் எண்டதுக்கு என்ன ஆதாரம் எண்டு பொலிஸ் கேட்டிட்டுது. நீதவான் மொழிபெயர்ப்பாளரை விட்டு அதை முழுக்க உரத்து வாசிப்பிச்சவர்."

"அண்ணா?"

"கூண்டுக்குள்ள நிண்டவர். கேட்டுக்கொண்டுதான் நிண்டவர். பிறகு நான் உங்கட பங்குச் சுவாமிக்கு அடிச்சு, அவர் ஞானஸ்நானப் பதிவைப் படமெடுத்து அனுப்பினவர். அதைப் பாத்திட்டுத்தான் விட்டவை. சுவாமி ஒரு பத்து நிமிசம் பிந்தியிருந்தா இல்லை."

போன் நின்றது. கமராக்காரன் தானாகவே கமராவைக் கீழே இறக்கினான்.

ஜெயனி நடந்து படலைக்குப் போனாள். படலைத் தூணில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் கிட்டப்போய் நின்று வாசித்தாள். இரண்டு நாளாக வீட்டு வாசலில் ஒட்டியிருக்கிறது. இருநூறு பேர் அதைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறார்கள். அவளுடைய புருசன் கிறிஸ்ரிதான் அதைப் படமெடுத்துச் சட்டத்தரணிக்கு அனுப்பினான். யார் வாசித்தார்கள்? எல்லோரும் பிரான்சிஸ்காவின் படத்தைப் பார்த்தார்கள். அடக்கம் எத்தனை மணிக்கு என்று பார்த்தார்கள். *கிறகரியின் பாசமிகு மனைவியும், ஜெயனியின் அன்புத் தாயாரும், கிறிஸ்ரியின் மாமியாரும்.* அவ்வளவுதான்.

அவள் திரும்பி வந்து தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"நீங்கதானே அப்பா எழுதிக் குடுக்கப் போனது?"

"ஓம்."

"அண்ணாட பேர்?"

"நான் சொன்னனான்," என்றார் கிறகரி. "அச்சடிக்கிறவன் விட்டிட்டான்."

இருமல் வருவதுபோல அந்தப் பொய் தானாக வந்தது. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது கேட்டது. எழுபத்துநாலு வயதில், பெண்சாதியின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு.

"ஆர், அந்தப் பவ்ஸானோ?" என்றான் கிறிஸ்ரி.

"அவன்தான்."

நடந்தது வேறு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஓட்டோவில் மன்னாருக்குப் போய், பவ்ஸானின் அச்சுக்கடையில் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, அவர் ஒவ்வொரு பெயராகச் சொன்னார். பவ்ஸான் கம்ப்யூட்டரில் அடித்தான். ஒரு காலத்தில் றொகானுக்கு எதிர்ப்பக்கம் நின்று கால்பந்து விளையாடியவன் அவன்.

"புள்ளைங்க?"

"ஜெயனி."

"மூத்தவர் பேரச் சொல்லல்லியே. றொகான்."

"போடவேண்டாம்."

பவ்ஸானின் விரல்கள் நின்றன. "பெரியவர், இது தாய்ட அறிவித்தல்."

"சொன்னதை அடி."

"ஒரு வரிதான் கூடும். அதுக்கு நான் ஒண்ணும் கூட எடுக்கமாட்டன்."

"கலியாணக் கார்ட்டில போட்ட அந்த ஒரு வரியாலதான் கலியாண வீட்டுக்கு சீஐடி வந்தது," என்றார் கிறகரி. "இருந்தவன் வந்தவன் எல்லாரிட்டயும் விசாரிச்சாங்கள். மருமகன் இப்ப கட்டாருக்குப் போகப் பொலிஸ் றிப்போட்டுக்குப் போட்டிருக்கிறான். சந்தி சந்தியா ஒட்டி வைச்சா, அவங்கள் போனில படமெடுத்துக்கொண்டு போவாங்கள். உனக்குத் தெரியாது. அடி."

பவ்ஸான் அடித்தான். அடித்ததைத் திருப்பிக் காட்டி, "சரியா பாத்துக்கங்க," என்றான். கிறகரிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத்தான் வரும். றகரத்தில் தொடங்கும் பெயர் எங்கும் இல்லையென்று மட்டும் பார்த்தார். "சரி," என்றார்.

சீஐடி வந்ததும் உண்மை. பொலிஸ் றிப்போட்டும் உண்மை. ஆனால் ஓட்டோவில் திரும்பி வரும்போது அவருக்குத் தெரிந்தது, அவை இரண்டும் இல்லாவிட்டாலும் அவர் அந்தப் பெயரைச் சொல்லியிருக்கமாட்டார். அறிவித்தல் பஸ் ஸ்ராண்டிலும் ஒட்டுவார்கள். அயலூர்க்காரன் வாசிப்பான். செத்த வீட்டுக்கு வந்து, "மூத்தவர் எங்கை, காணேல்லை?" என்று கேட்பான். அதற்கு ஒரு பதிலை அவர் பதினேழு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

பிரான்சிஸ்காவுக்கு அந்தக் கரைச்சல் இருக்கவில்லை. யார் கேட்டாலும், "மகன் மறியலில. அடுத்த கிழமை போறன்," என்பாள். மாதம் தவறாமல் சிறைக்குப் போனாள். கிறகரி ஒரே ஒருமுறைதான் போனார். வாசலில் சாரத்தை அவிழ்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். தன்னிலும் பாதி வயதுக்காரனுக்கு முன்னால் அவர் சாரத்தை அவிழ்த்தார். உள்ளே போய் மகனைப் பார்த்தபோது ஒன்றும் பேச வரவில்லை. பிறகு போகவில்லை.

இரண்டு மணிபோல பவ்ஸான் வந்தான். தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, படலைக்குள் ஒதுங்கி நின்றான். கிறகரி அவனைக் கண்டார். கண்டதும் முதல் வந்த எண்ணம், இவன் ஏன் இன்றைக்கு வந்தான் என்பதுதான்.

கிறிஸ்ரி நேராக அவனிடம் போனான். முஸ்லிம் அண்ணன்மாரை ஊரில் கூப்பிடுவதுபோல 'நானா' என்றுதான் தொடங்கினான்.

"நானா, என்ன வேலை பாத்தனீங்கள்?"

"என்ன தம்பி?"

"மச்சான்ட பேரை விட்டிட்டு அடிச்சிருக்கிறியள். உங்கட பிழையால ஆளை விடாமல் விட்டிருப்பாங்கள். கோட்டில வைச்சுச் சிரிச்சிருக்கிறாங்கள். மாமா சொல்லியும் நீங்கள் போடேல்லையாம்."

பவ்ஸான் கிறிஸ்ரியின் தோளுக்கு மேலால் கிறகரியைப் பார்த்தான். முற்றத்தில் இருந்தவர்கள் எல்லோரும் பவ்ஸானைப் பார்த்தார்கள். கிறகரி தன் பெருவிரல் நகத்தில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டினார். அந்த நேரத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மெழுகு முழுவதும் போகும்வரை பவ்ஸான் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம் தம்பி," என்றான் பவ்ஸான். "என்ட பிழைதான். அந்த வரி எப்படியோ விடுபட்டுப் போச்சு."

"காசு எண்ணேக்க ஒண்டும் விடுபடாதே," என்றாள் பக்கத்து வீட்டு அஞ்சலீனா. ஒருவன் சிரித்தான். பவ்ஸானும் தலையைக் குனிந்தபடி கொஞ்சம் சிரித்தான்.

அவன் போய்விடுவான் என்று கிறகரி எதிர்பார்த்தார். அவன் போகவில்லை. பந்தலின் கடைசி வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தான். போனையும் எடுக்கவில்லை.

மூன்று மணி தாண்டிக் கால்மணித்தியாலம் ஆனபோது பொலிஸ் ஜீப்பும் அதற்குப் பின்னால் கம்பிவலை அடித்த சிறைச்சாலை பஸ்ஸும் வந்தன. றொகான் இறங்கினான். கிறகரி முதலில் வேறு யாரோ என்று நினைத்தார். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. முன்கையில் விலங்கு. இரண்டு பக்கமும் காவலர்கள். அவர்களுக்கு மேலான அதிகாரி ஐம்பத்தைந்து வயதுச் சிங்கள ஆள். வாசலில் சப்பாத்தைக் கழற்றினான். தொப்பியைக் கழற்றினான். பிறகு பையிலிருந்து திறப்பை எடுத்து றொகானின் விலங்கைத் திறந்துவிட்டு, "போங்க, அம்மா பாருங்க," என்றான்.

தொப்பி கழற்றுவதற்கும் அவன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று கிறகரி நினைத்தார்.

ஜெயனி தமையனைக் கட்டிப்பிடித்துக் கத்தினாள். பெண்கள் எல்லோரும் கத்தினார்கள். றொகான் கத்தவில்லை. பெட்டியின் கால்மாட்டுக்குப் போய்ச் சேலைக் கரையை விலக்கித் தாயின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"வீக்கம் வத்தேல்லையோ?"

"இல்லை அண்ணா. கடைசி வரைக்கும் கிடந்தது. செருப்புக்கூட ஏறேல்லை."

றொகான் நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தான். "போன வருசம் கடைசியா வரேக்க, உங்கட செருப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தவ அப்பா," என்றான்.

குரலில் ஒன்றும் இல்லை. செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னான். கிறகரி தலையை ஆட்டினார். அந்த நீலச் செருப்பு ஒருநாள் முழுக்கக் காணாமல் போனதும், யாரோ எடுத்துவிட்டான் என்று அவர் ஊரைத் திட்டியதும் நினைவுக்கு வந்தது. செருப்பு மகனிடம் போய்வந்திருக்கிறது.

ஜெயனி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணா, அந்த அறிவித்தல்… சத்தியமா நாங்க விடேல்லை. அடிச்ச இடத்தில விட்டது. அப்பா சொன்னவராம், அவர்தான் மறந்துபோட்டார்."

"ஆர் அடிச்சது?"

"பவ்ஸான் நானா. அங்க பின்னாலதான் இருக்கிறார்."

றொகான் தகப்பனைத் திரும்பப் பார்க்கவில்லை. அதுதான் கிறகரிக்குப் பிடிக்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார். அவன் அதிகாரியின் முகத்தைப் பார்த்தான். அதிகாரி தலையசைத்தான். காவலர்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு வர, பந்தலின் கடைசி வரிசைக்கு நடந்தான். பவ்ஸான் எழும்பி நின்றான்.

றொகான் அவனைக் கட்டிப்பிடித்தான். பதினேழு வருடத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தவன், சொந்தத் தகப்பனைத் தொடமுதல் அச்சுக்கடைக்காரனைத் தொட்டான். "பரவாயில்லை நானா," என்றான், எல்லோருக்கும் கேட்க. "பிழை ஆருக்கும் வரும்." பிறகு அவன் காதுக்குக் கிட்ட வாயை வைத்து ஏதோ சொன்னான். ஒரு காவலன் றொகானின் தோளைத் தொட்டுப் பிரித்துவிட்டான். பவ்ஸான் நிலத்தைப் பார்த்தபடி இரண்டு மூன்று தரம் தலையாட்டினான்.

"பாருங்கோ பிள்ளையின்ர குணத்தை," என்றாள் அஞ்சலீனா. "அப்பிடியே தாய்."

கிறகரி போய்த் தண்ணீர் குடித்தார். தாகம் இல்லை. செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டி மூடுவதற்கு முன் ஒவ்வொருவராகக் குனிந்து நெற்றியில் முத்தி கொடுத்தார்கள். கோவிலில் சுவாமி பூசையைச் சுருக்கமாக முடித்தார். அதிகாரி கடைசி வாங்கில் குந்தியிருந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது சுவாமிக்கும் தெரிந்தது. கோவிலில் இருந்து அவளைப் புதைக்கும் சேமக்காலைக்குப் போகும் பாதையில் மாரி மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. மணலும் சேறும் கலந்து கிடந்தது. கிறகரி மகனுக்குப் பக்கத்தில் நடந்தார். இருவருக்கும் நடுவில் ஒரு காவலன் நடந்தான். மெல்லிய ஆள். அவனுக்கு மேலால் ஒரு வசனத்தைச் சொல்லலாம்.

அந்த வசனத்தை அவர் மனதுக்குள் கட்டிப் பார்த்தார். *பேரை விடச் சொன்னது நான்தான்.* நாலு சொல். வள்ளத்தில் ஏறி முப்பது மைல் ஓடியவருக்கு நாலு சொல் பெரிதில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் சொல்லிலேயே நின்றது. *பேரை* என்று தொடங்கினால் பிறகு நிறுத்த ஏலாது. சனம் கேட்கும். ஜெயனி கேட்பாள். காலையில் பெட்டிக்கு முன்னால் பொய் சொன்னதும் வெளியில் வரும். பவ்ஸானை முற்றத்தில் வைத்து வெட்கப்படுத்தியதும் வரும். ஒரு பிழையைச் சொல்லப்போனால் மூன்று பிழை வருகிறது.

குழிக்குள் பெட்டி இறங்கியது. றொகான் ஒரு பிடி மண் போட்டான். கிறகரியும் போட்டார். இருவரும் குழிக்கு ஒரே பக்கம் நின்றார்கள். காவலன் குழியைப் பார்த்துத் தன் பாட்டில் சிலுவை போட்டுக்கொண்டு நின்றான். இதைவிடத் தனிமை இனிக் கிடைக்காது.

"றொகான்."

"என்னப்பா?"

மகனின் முகம் இரண்டடி தூரத்தில் இருந்தது. கண்ணுக்குக் கீழே பிரான்சிஸ்காவின் சுருக்கம்.

"சாப்பிட்டனியோ?" என்றார் கிறகரி.

"ஓம் அப்பா. வழியில பாண் வாங்கித் தந்தவை."

"ம்."

அதோடு அதிகாரி வந்து, "ஐயா, டைம் சரி," என்றான். விலங்கு திரும்பவும் பூட்டப்பட்டது. ஜெயனி தமையனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. கிறிஸ்ரிதான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

பஸ்ஸை சேமக்காலை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். றொகானை ஏற்றினார்கள். இஞ்சின் போட்டார்கள். முன்னால் போகவேண்டிய பஸ் பின்பக்கமாகக் கீழே தாழ்ந்தது. சில்லு இரண்டும் சேற்று மணலைத் தோண்டித் தோண்டி அச்சுவரை புதைந்தது. ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள். கயிறு அறுந்தது. ஐந்து மணி நாற்பது.

சனம் சுற்றிவர நின்று பார்த்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. ஏன் வைக்கவேண்டும்? புதைந்துகொண்டே போகட்டும் என்பது போலத்தான் எல்லோருடைய முகமும் இருந்தது. "இரவும் இஞ்சயே நிக்கட்டும். நாங்க சோறு குடுப்பம்," என்றான் ஒருவன். பொலிஸ் சார்ஜன்ட் போனில் யாரிடமோ சிங்களத்தில் உரத்துப் பேசினான். நாங்கள் முதலே சொன்னோமே என்கிற தொனி பாஷை தெரியாதவனுக்கும் விளங்கியது.

கம்பிவலைக்கு உள்ளே றொகானின் முகம் வந்தது.

"கிறிஸ்ரி! தள்ளச் சொல்லு!"

"நில்லுங்கோ மச்சான், ஆறுதலாப் போகலாம்."

"விளங்காமல் கதைக்காதை. ஆறு மணி தாண்டினா எழுதிப்போடுவாங்கள். அடுத்த முறை ஒருத்தரையும் விடமாட்டாங்கள். என்னோட இருக்கிற வெள்ளாங்குளத்துப் பொடியன்ட தாய் இப்பவோ பிறகோ எண்டு கிடக்கிறா. அவனுக்கும் இல்லையெண்டு போயிடும். தள்ளுங்கோ!"

ஒருவரும் அசையவில்லை. ஊர்ப் பிள்ளையைத் தங்கள் கையால் சிறைக்குத் தள்ளிவிட யாருக்கு மனம் வரும்? ஆளை ஆள் பார்த்தார்கள்.

கிறகரி வேட்டியை மடித்துக் கட்டினார். சேற்றுக்குள் இறங்கி பஸ்ஸின் பின்பக்கம் போனார். முகம் தெரியாத இடம் அதுதான். இரும்பில் தோளை வைத்தார். "வாங்கோவன்ரா," என்றார். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

கிறிஸ்ரி வந்தான். பிறகு நாலு பேர், பத்துப் பேர். அவருடைய இடது பக்கம் வந்து தோளை வைத்தவனைப் பார்த்தார். பவ்ஸான்.

ஒவ்வொருவனும் ஒவ்வொரு நேரம் தள்ளினான். பஸ் அசையவில்லை. ஒருமிக்கத் தள்ளாவிட்டால் வள்ளமும் அசையாது. கரைவலை இழுத்த காலத்தில் முப்பது பேருக்குக் குரல் கொடுத்தவர் கிறகரி. அந்தக் குரல் செத்த வீட்டில், சேமக்காலை வாசலில், அவருடைய தொண்டையில் இருந்து வெளியே வந்தது.

"ஏலேலோ…"

எல்லோரும் ஒரு கணம் திகைத்துப் போனார்கள். பிறகு பழக்கம் வென்றது. "ஏலோ!" என்று குரலை ஏற்று ஆட்கள் ஒருமிக்கத் தள்ளினார்கள்.

"ஏலேலோ…"

"ஏலோ!"

மூன்றாம் குரலுக்கு பஸ் ஆடியது. நாலாம் குரலுக்குச் சில்லு கெட்டி நிலத்தைப் பிடித்தது. சேறும் மணலும் பின்னால் நின்றவர்கள்மேல் வாரி அடித்தது. பஸ் ஏறிப்போய் றோட்டில் நிற்காமலே ஓடியது. கிறகரி தோளை வைத்த இடம் வெறுமையாகி, அவர் கைகளை ஊன்றி முழங்காலில் விழுந்தார். நிமிர்ந்தபோது பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"அண்ணா எட்டிப் பாத்தவர் அப்பா," என்றாள் ஜெயனி. "உங்களைத்தான் தேடினவர்."

"உனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்," என்றார்.

அவள் சேற்றைத் துடைக்க முந்தானையோடு வந்தாள். அவர் கையால் விலக்கினார். சனம் கலைந்தது. வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவித் தேத்தண்ணி குடிக்கவேண்டும் என்று யாரோ சொன்னார்கள். பவ்ஸான் மட்டும் மதிலோரத்தில் நின்று காற்சட்டையில் இருந்த சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் தூரப் போகும்வரை தட்டினான். பிறகு கிட்ட வந்தான்.

"பெரியவர்."

கிறகரி அவனைப் பார்க்கவில்லை. "நீ ஏன் ஒத்துக்கொண்டனி?" என்றார்.

"ஆள் மௌத்தாப் போன வீட்டில நிண்டு வழக்குப் பேச ஏலுமா?" பவ்ஸான் குரலைத் தாழ்த்தினான். "ஒங்கட மகனுக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"காதுக்குள்ள அதத்தான் சொன்னாரு. 'அப்பா சொல்லித்தான் விட்டிருப்பீங்க, கோட்டில வாசிக்கேக்கயே எனக்கு விளங்கிட்டு. ஆரிட்டயும் சொல்லாதீங்க. எனக்குக் கோவம் இல்லண்டு அப்பாட்ட மட்டும் சொல்லுங்க. ஆனா நான் போனாப் பிறகு சொல்லுங்க' எண்டு."

கிறகரி சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். சால்வையிலும் சேறுதான் இருந்தது. முகம் இன்னும் ஊத்தையானது.

"நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான்," என்றார். "ஒரு மூச்சு விடுற நேரம். அதுக்குள்ள இவ்வளவும் சொன்னவனோ?"

"சொன்னாரு."

"கோவம் இல்லையெண்டும் சொன்னவன்?"

"ஓம்."

"நீ செத்த வீட்டுக்கு வந்தனி. செத்த வீட்டுக்கு வாறவன் ஆறுதல்தான் சொல்லுவான்."

"அல்லாமேல ஆணையா…"

"ஆண்டவரை இழுக்காதை தம்பி. அவருக்கு இண்டைக்கு வேலை கூட."

இவன் இரக்கப்பட்டுக் கட்டிச் சொல்கிறான் என்று கிறகரி நினைத்தார். அவன் நல்லவன், நல்லவன் சொல்வதை எப்படி நம்புவது? உண்மையாகவே றொகான் சொல்லியிருந்தால்? அப்படியென்றால் அந்த மூன்று மணித்தியாலமும், பெட்டிக்குப் பக்கத்தில், கோவிலில், குழியின் விளிம்பில், அவன் எல்லாம் தெரிந்துகொண்டே அவருக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். பாண் சாப்பிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அதை நினைத்தபோது அவருக்குப் பவ்ஸான் பொய்தான் சொல்லியிருக்கவேண்டும் போல இருந்தது.

அவர் நடக்கத் தொடங்கினார். வீட்டுப் பக்கம் இல்லை, கரைப் பக்கம். பவ்ஸானின் செருப்புச் சத்தம் கொஞ்சத் தூரம் பின்னால் வந்தது. ஒரு இடத்தில் நின்றது. கிறகரி திரும்பிப் பார்க்கவில்லை. துக்கத்துக்காக அன்றைக்கு ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை; வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. அவற்றின் நடுவால் அவர் போனார். வேட்டியின் மடிப்பை அவிழ்த்துவிட அவருக்கு நினைவில்லை.